கொண்டலின் கடைசி நான்கு பக்கங்கள்

மரக்காணம்
18 ஜனவரி 2025

கொண்டல் ரசிகர், இடையஞ்சாவடி ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உறையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு தெருவெல்லாம் காட்டித் திரியாதீர்கள்.

விஷயம் இதுதான். சுழல் காமிக்ஸின் 91-ஆம் இதழ் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. இந்த வருஷம் அம்மா வீட்டு விலாசத்துக்கு நான் தனியாகச் சந்தா கட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கொண்டல் கதையை, யாரும் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்காமல், அடுத்த பக்கத்தில் என்ன என்று சொல்லித் தொலைக்காமல் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டாம் பக்கம். புயல் நகரத்துக்கு நேராக வருகிறது. கொண்டல் முகமூடியோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, காற்றைத் திருப்ப இரண்டு கையையும் தூக்குகிறான். பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் முப்பத்து மூன்றாம் பக்கம்! பைண்டிங்கில் பதினாறு பக்க ஃபாரம் ஒன்றையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

ஆபீசுக்குப் போன் போட்டேன். "மாத்திக் குடுக்க ஒரு காப்பி கூட இல்லம்மா, எல்லாம் போயிடுச்சி" என்றார்கள். நம் கொண்டல் கோட்டை வாட்ஸப் குரூப்பில் கேட்டால் உடனே போட்டோ பிடித்து அனுப்புவார்கள். ஆனால் "ஏன் சிஸ்டர், ஜேபி சாரோட காப்பி இல்லையா?" என்று நூற்றுப் பத்து பேர் கேட்பார்கள். வாசகர் பக்கத்தில் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜோடி என்று நம்மை அங்கே தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்ல?

ஆகவே 49 முதல் 64 வரை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பவும். போனில் வேண்டாம். உங்கள் நம்பரை பிளாக் பண்ணியது அப்படியே இருக்கட்டும். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் என்னவாகிறோம் என்று டிசம்பரில் பார்த்துவிட்டோம்.

அப்பா காலில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

சூர்யகலா

—

இடையஞ்சாவடி
23 ஜனவரி 2025

அன்புள்ள கலா,

போஸ்ட்மேன் விஜயகுமார் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வண்டியை விட்டே இறங்கிவிட்டார். "ஏம்பா, மரக்காணத்துல இருந்து லெட்டரா? பஸ்ல போனா ஒரு மணி நேரம். இது நாலு நாள் சுத்திக்கினு வந்திருக்குது" என்றார். நெற்றியில் எல்லாம் ஒற்றவில்லை. சட்டைப்பையில் வைத்தேன். மரப்பட்டறையில் நாள் முழுக்க ஒரு கதவுக்கு இழைப்பு போட்டேன், இரண்டு தடவை அளவு தப்பியது. அவ்வளவுதான்.

நீ கேட்டபடி ஜெராக்ஸ் எடுத்தேன். இத்துடன் நான்கு பக்கம் வைத்திருக்கிறேன். 49 முதல் 52 வரை.

கத்தாதே. உனக்குப் பதினாறையும் ஒரே உறையில் போட்டால் நீ "கிடைத்தது, நன்றி" என்று ஒரு கார்டு கூடப் போட மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் என்றால் நான்கு கடிதம் எனக்கு நிச்சயம். இது அநியாயம் என்று நீ சொல்வாய். அநியாயம்தான். ஒன்றரை மாசமாக இந்த வீட்டில் ஒரு கொண்டல் கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் இருப்பது மட்டும் நியாயமா? சுவரைப் பார்த்து "இந்தத் தடவை படத்துக்கு மை போட்டவர் புதுசு போல" என்று சொன்னேன் கலா. நிஜமாகச் சொன்னேன்.

இதழைப் பற்றி: எனக்குப் பிடித்திருந்தது. முகமூடி இல்லாத வேளையில் வானிலை ஆபீஸ் குமாஸ்தா நீலகண்டனாக அவன் மழைமானியைப் பார்த்து எழுதுகிற முதல் மூன்று பக்கத்தில் வசனமே இல்லை. பேனா மட்டும் நகர்கிறது. அதற்கே காசு செரித்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். இருபத்து மூன்றாம் இதழ் உன்னிடம் இருக்கிறதா? வாசகர் பக்கத்தில் இடது பக்கம் என் கடிதமும், வலது பக்கம் "இடையஞ்சாவடி வாசகருக்குக் கதை புரியவில்லை" என்ற உன் கடிதமும் வந்த இதழ். அப்போதெல்லாம் முழு விலாசத்தையும் அச்சடித்தார்கள், அதனால்தான் எனக்குப் பெண்டாட்டி கிடைத்தாள். இங்கே தேடிவிட்டேன், காணவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெயப்பிரகாஷ்

—

மரக்காணம்
29 ஜனவரி 2025

கொண்டல் ரசிகருக்கு,

நான்கு பக்கம்! வெட்கமாக இல்லை? உறையைப் பிரித்து நான் கத்தியதில், அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாடி ஆச்சு அவருக்கு?" என்றாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கொழுப்புதான் ஏறிப்போயிருக்கிறது என்றேன்.

நான்கையும் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் உங்களுக்கு எழுதக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், அவ்வளவு கோபம். உங்கள் மேல் பாதி, கொண்டல் மேல் பாதி.

அவன் புயலைத் திருப்புகிறான், சரி. எங்கே திருப்புகிறான்? வடக்கே, "ஆளில்லாக் கரை"க்கு. ஐம்பதாம் பக்கத்தில் பெரிய படம். வெள்ளை வெள்ளையாகக் கட்டம், ஒரு கொட்டகை, தூரத்தில் கடல். மேலே எழுதியிருக்கிறார்கள்: "அங்கே உப்பைத் தவிர வேறு ஒன்றுமில்லை." அடுத்த பக்கத்தில் நகரத்து ஜனங்கள் தெருவில் ஆடுகிறார்கள்.

ஜெயப்பிரகாஷ், நவம்பர் கடைசியில் நிஜப் புயல் வந்தபோது அந்தக் கட்டத்துக்குள் எங்கள் அப்பா இருந்தார். உப்பை மூட உதவ வந்த நான் இருந்தேன். அளத்து வேலைக்கு வந்த மாரியம்மாள் இருந்தாள், வாரிய உப்பு மேல் பனை ஓலை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். படம் வரைந்தவர் உப்பளத்தை மேலே இருந்து பார்த்திருக்கிறார். கீழே இறங்கி ஒரு நாள் வரப்பில் நடந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

நீங்கள் அதைப் படித்துவிட்டு "எனக்குப் பிடித்திருந்தது" என்று எழுதுகிறீர்கள். மழைமானி நன்றாக இருந்ததாம்.

இங்கே நிலவரம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பாத்தியும் சேறு. தண்ணீரை வெளியேற்றி, வரப்பு கட்டி, களிமண்ணை ஈரம் காய்கிற பதத்தில் காலால் மிதிக்க வேண்டும். நாலு பேர் வரிசையாக நின்று ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை, மறுபடி அங்கிருந்து இங்கே. தரை சிமெண்ட் மாதிரி இறுக வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு சேறும் வரும். அப்பா இருந்தால் அவர் முன்னால் மிதிப்பார். இப்போது நான் மிதிக்கிறேன். உப்புத் தண்ணீரில் குதிகால் வெடித்து, செருப்பு போட முடியவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்த நேரத்துல அவர யாரு பரண் மேல ஏற விட்டது?" அதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை? புயல் அன்று காலையில் போன் பண்ணி, வாங்க, அளத்த விட்டுக் கிளம்புன்னு நான் சொன்னா அப்பா கேக்க மாட்டேங்கறாரு, நீங்க சொன்னா கேப்பாரு என்று அழுதவள் நான். மறுநாள் மதியம் வந்து நின்றவர் நீங்கள்.

இருபத்து மூன்றாம் இதழைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்த பக்கங்களை அனுப்பவும். மொத்தமாக.

சூர்யகலா

—

இடையஞ்சாவடி
5 பிப்ரவரி 2025

அன்புள்ள கலா,

53 முதல் 56 வரை இத்துடன்.

ஐம்பதாம் பக்கத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். நீ சொல்வது சரி. முதல் தடவை நான் அந்த வரியை ஒரு வசனமாகத்தான் படித்தேன். இரண்டாம் தடவை உங்கள் கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது. ஆசிரியருக்கு எழுது கலா. உன்னைப் போல் யாராலும் எழுத முடியாது. நான் எழுதினால் அவர் பதில் போடுவார், நீ எழுதினால் பயப்படுவார்.

இருந்தாலும் கொண்டலுக்காக ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன். தொட்டி மேல் நிற்கிறவனுக்கு அந்த நிமிஷத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் பெரிதாகத் தெரியும். நகரம் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. தூரத்தில் இருப்பவர்களை அவன் வெறுத்தான் என்று இல்லை. பார்த்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பான். மனிதர்கள் அப்படி நினைப்பார்கள்.

பட்டறையில் தேங்காய் எண்ணெயும் மெழுகும் காய்ச்சி, மரத்துக்குப் பூச ஒரு களிம்பு செய்வோம். அதில் ஒரு டப்பா தனியாக உனக்கு வைத்திருக்கிறேன், வெடிப்புக்கு நல்லது. தபாலில் உருகிவிடும். எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

ராத்திரிச் சமையல் எல்லாம் ரசம்தான்.

ஜெயப்பிரகாஷ்

—

மரக்காணம்
11 பிப்ரவரி 2025

கொண்டல் ரசிகருக்கு,

ரசம் என்று எழுதினால் எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தீர்கள். வந்தது. கொஞ்சம்தான். ஒரு நாளாவது முட்டை ஊற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். சாயங்காலம் உங்கள் ஜெராக்ஸ் பக்கங்களை அவருக்கும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். வானிலை ஆபீசில் கடற்கரையில் இருந்து போன் மேல் போன் வருகிறது, நீலகண்டன் எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்தப் படம். "இவன் ஏதோ தப்பு பண்ணிட்டு முழிக்கறான்" என்றார். கதை தெரியாத மனிதர், ஒரே படத்தில் சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தைத்தான் நானும் இரண்டு நாளாகப் பார்க்கிறேன். உங்கள் போன கடிதத்தையும் பார்க்கிறேன். "பார்த்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பான்." இது கதையில் எங்கும் இல்லையே. நான் தேடிவிட்டேன். இதை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

நேராகவே கேட்கிறேன். புயல் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நான் போன் பண்ணினேன். "இதோ கிளம்பிட்டேன்" என்றீர்கள். பன்னிரண்டு மணிக்குப் பண்ணினேன். "வந்துக்கினே இருக்கேன்" என்றீர்கள். அதன் பிறகு டவர் போய்விட்டது. மூன்று மணிக்கு அப்பா விழுந்தார். விடியும் வரை அவரை உப்பு மூட்டைகள் மேல் கிடத்தி, நானும் மாரியம்மாளும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். மறுநாள் நீங்கள் வந்து, கீழ்புத்துப்பட்டில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது என்றீர்கள். மரம் விழுந்தது உண்மை. எல்லோரும் சொன்னார்கள், இரண்டு மணிக்கு விழுந்ததாம்.

பத்தில் இருந்து இரண்டு வரை?

சூர்யகலா

—

இடையஞ்சாவடி
17 பிப்ரவரி 2025

அன்புள்ள கலா,

57 முதல் 60 வரை இத்துடன். நீலகண்டன் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, அந்தக் கரைக்குப் போகிறான். சட்டை இஸ்திரி கலையாமல் சேற்றில் இறங்குகிறான்.

கடைசி நான்கை மட்டும் கேட்காதே. ஜெராக்ஸ் சரியாக விழவில்லை.

ஜெ.

—

மரக்காணம்
21 பிப்ரவரி 2025

ஜெயப்பிரகாஷ்,

ஒன்பது வருஷத்தில் நீங்கள் என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறீர்கள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்பது முதல். இவ்வளவு மட்டமான பொய் சொன்னதில்லை.

61, 62, 63, 64. அதோடு பத்தில் இருந்து இரண்டு வரை. இரண்டும் ஒரே உறையில் வர வேண்டும். வராவிட்டால் இனி என்னிடமிருந்து கடிதமும் வராது, நானும் வர மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சூர்யகலா

—

இடையஞ்சாவடி
26 பிப்ரவரி 2025

கலா,

நான்கு பக்கமும் இத்துடன். முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி. நான் சொல்லாவிட்டாலும் நீ அதைத்தான் முதலில் படிப்பாய்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் அந்த உப்பளத்துப் பெண், சேறு அள்ளிக்கொண்டே, நீலகண்டனைக் கேட்கிறாள். அவன்தான் கொண்டல் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "அத்தனை தடவை கூப்பிட்டோமே, எங்கே இருந்தாய்?" அவன் சொல்கிறான்: "காற்று என் பேச்சைக் கேட்கவில்லை." அவள் ஒரு கூடையை அவன் கையில் கொடுக்கிறாள். கடைசிப் படத்தில் அவன் சேறு சுமக்கிறான். முற்றும். வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. காற்று அவன் பேச்சைக் கேட்டது. அவன்தான் திருப்பினான். ரோட்டில் மரம் விழுந்தது என்று நான் சொன்னதும் அதே பதில்தான்.

நீ பத்து மணிக்குப் போன் பண்ணியபோது, நம் பின்னறைத் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. அங்கேதான் நான்கு டிரங்குப் பெட்டியிலும் காமிக்ஸ். தொண்ணூறு இதழ், ஸ்பெஷல் எல்லாம், உன்னுடையது என்னுடையது எல்லாம். பெட்டிகளை மட்டும் பக்கத்து வீட்டுத் தட்சணாமூர்த்தி அண்ணன் மாடியில் வைத்துவிட்டுக் கிளம்பலாம், அரை மணி நேரம் என்று நினைத்தேன். மழையில் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பதினொன்றேகாலுக்கு நான்கும் மேலே போய்விட்டது. அப்போது கிளம்பியிருக்கலாம்.

கிளம்பவில்லை. நனைந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். பார்க்கும்போது இருபத்து மூன்றாம் இதழ் இல்லை என்று தெரிந்தது. நம் இதழ். நான்கு பெட்டியையும் மாடித் தரையில் கொட்டித் தேடினேன் கலா. பின்னறைக்குக் கீழே ஓடி, தண்ணீரில் கையை விட்டுத் துழாவினேன். நீ பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டபோது நான் வண்டியில் இல்லை. மாடித் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். "வந்துக்கினே இருக்கேன்" என்று சொன்னது அங்கிருந்துதான். கிளம்பியபோது ஒன்றரை. கீழ்புத்துப்பட்டு போய்ச் சேர்ந்தபோது மரம் விழுந்து கிடந்தது.

பன்னிரண்டுக்கு வந்திருந்தால் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். அவர் பரணில் ஏறியிருக்க மாட்டார். நீ தண்ணீரில் நின்றிருக்க மாட்டாய். அது எனக்கு மருத்துவமனை வராந்தாவுக்கு வருவதற்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் உன்னை அப்படிக் கேட்டேன். தப்பை யார் தலையிலாவது போட வேண்டியிருந்தது, பக்கத்தில் நீ நின்றாய்.

ஒரு புத்தகத்துக்காக உன்னை விட்டுவிட்டேன். இதை எழுதிவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்க வாய் வரவில்லை.

ஜெயப்பிரகாஷ்

—

இடையஞ்சாவடி
14 மார்ச் 2025

அன்புள்ள கலா,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. விஜயகுமார் இப்போதெல்லாம் நம் தெரு முனையில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

92-ஆம் இதழ் வந்திருக்கிறது. அட்டையில் கொண்டல் முகமூடி இல்லாமல் நிற்கிறான். நான் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் இருக்கிறது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தனியாகப் படிக்கப் பிடிக்கவில்லை.

நீ எழுதாவிட்டாலும் சரி. மாமா நடக்கிறாரா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

ஜெயப்பிரகாஷ்

—

மரக்காணம்
18 மார்ச் 2025

என்னங்க,

அப்பா நடக்கிறார். கம்பு இல்லாமல், கொஞ்சம் சாய்ந்து.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்று அதை அளத்து வரப்பில் உட்கார்ந்து படித்தேன். மாரியம்மாள், "இன்னா, உங்க ஊட்டுக்காரரு திரும்பவும் நாலு பக்கம்தான் அனுப்பினாரா?" என்று கேட்டாள். ஆமாம், ஆனால் எல்லாம் வந்துவிட்டது என்றேன். எனக்குக் கோபம், அவ்வளவு கோபம். மூன்றரை மணி நேரம். நான் வரப்பில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மூன்றரை மணி நேரம், நீங்கள் மாடிக்குப் பெட்டி தூக்கி, புத்தகம் தேடியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். இரண்டு தடவை எடுத்தேன்.

கிழிக்க முடியாததற்குக் காரணம் நீங்கள் இல்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அப்பா பரணில் ஏறியது பம்பு செட்டு மோட்டாரை மேலே ஏற்றி வைக்க என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மோட்டாரை அவர் காலையிலேயே கழற்றி ரோட்டுக்கு ஏற்றிவிட்டார். நாங்கள் கிளம்புகிற நேரம். மூன்று மணி. நான்தான் சொன்னேன்: "அப்பா, பரண்ல என் பை ஒண்ணு இருக்குது, அதையும் எடுத்துக்கினு வாப்பா." ஏணி நனைந்திருந்தது. அவர் மறுபேச்சு பேசாமல் ஏறினார்.

போன தீபாவளிக்கு வந்தபோது நான்தான் அந்தப் பையை இங்கே கொண்டுவந்தேன். மத்தியான வேளையில் கொட்டகையில் உட்கார்ந்து பழைய இதழ் படிக்கப் பிடிக்கும் என்று. நாலைந்து இதழ்தான் இருந்தது. மேலாக இருந்தது இருபத்து மூன்று.

நீங்கள் நான்கு பெட்டியைக் கொட்டித் தேடிய புத்தகம், எங்கள் பரணில் இருந்தது. உங்களிடம் சொல்லாமல் எடுத்து வந்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் தேடியிருக்க மாட்டீர்கள். பதினொன்றேகாலுக்கே கிளம்பியிருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

"யாரு பரண் மேல ஏற விட்டது?" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் விட்டேன். அதனால்தான் அந்தக் கேள்வியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, அம்மா வீட்டில் உட்கார்ந்து, பத்தில் இருந்து இரண்டு வரை எங்கே இருந்தீர்கள் என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன். நீங்கள் மறைத்த அளவு நானும் மறைத்தேன். நீங்கள் முதலில் சொல்லிவிட்டீர்கள். அந்த விஷயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அப்பாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லி, "என்னால்தானப்பா" என்று அழுதேன். அவருக்குத்தான் முதலில் இருந்தே தெரியுமே, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டுவிட்டுக் காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரே புக்குக்காக அவரு அங்க தேடிக்கினு இருந்தாரு, நீ என்னை இங்க ஏத்தி உட்ட. ரெண்டும் ஒரே கிறுக்குதாம்மா. தனித்தனியா இருந்துக்கினு இன்னா பண்ணப் போறீங்க? ஒரே ஊட்டுல இருங்க, மத்த ஜனங்களாவது பொழச்சிக்கும்." அம்மா உள்ளே இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

பை தண்ணீரில் போகவில்லை. அப்பா விழும்போதும் அதை விடவில்லை. ஆனால் முழுக்க நனைந்துவிட்டது. இருபத்து மூன்றாம் இதழை ஒரு வாரம் நிழலில் காயப்போட்டேன். அட்டை போய்விட்டது, கதை தேறிவிட்டது. வாசகர் பக்கம் மட்டும், உங்கள் கடிதம் இருக்கும் இடது பக்கமும் என் கடிதம் இருக்கும் வலது பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் கிழிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நான் தொடவில்லை. உங்களுக்குத்தான் பட்டறைக் கை, வந்து பாருங்கள். பிரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் என்ன எழுதினோம் என்று எனக்கு மனப்பாடம்.

பதினொரு பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாவதை நான் யாரையும் மிதிக்க விடவில்லை. சேறாகவே கிடக்கிறது. மாரியம்மாள் தினமும் கேட்கிறாள், அப்பாவும் கேட்டார். ஜனவரியில் ஏன் அப்படி விட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. பதினாறு பக்கம் கேட்டு உங்களுக்கு எழுதிய அன்றுதான் அதை விட்டுவைத்தேன், உங்கள் காலுக்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

கொண்டல் அந்தப் பெண்ணிடம் கடைசி வரை உண்மையைச் சொல்லவில்லை. அவள் கூடையைக் கொடுத்தாள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதனால் உங்களுக்குக் கூடை இல்லை, பாத்தி. வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு அளத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மிதிக்க முடியாது. செருப்பு வேண்டாம். அந்தக் களிம்பு டப்பாவைக் கொண்டுவாருங்கள், எனக்கு இல்லாவிட்டாலும் சாயங்காலம் உங்கள் காலுக்கு வேண்டியிருக்கும். 92-ஐப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவாருங்கள். நான்தான் முதலில் படிப்பேன், நீங்கள் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நம்பரை பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கிளம்பிவிட்டேன் என்று மட்டும் போன் பண்ணாதீர்கள். வந்து நில்லுங்கள்.

கலா